வால் பக்கத்துக் கதவு

விமானப்படை என்றாலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சண்டை விமானம்தான். மிராஜ், சுகோய், ரஃபேல் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். குடியரசு தின அணிவகுப்பில் பெரிய வயிறும் தூக்கிய வாலுமாக ஒரு விமானம் மெதுவாகக் கடந்து போனால், "இது சாமான் வண்டிப்பா" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைத் தேடுவார்கள். அந்தச் சாமான் வண்டியின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். விமானத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் விலை பார்ப்பதோடு சரி. ஆனால் சரக்கு விமானத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது முழுக்க முழுக்க நம்ம ஆள் விஷயம் என்று தோன்றியது. எத்தனை கிலோ ஏற்றலாம், எத்தனை நடை போகலாம், எத்தனை நொடியில் இறக்கலாம் என்று எல்லாமே கணக்கு. அந்தக் கணக்கை மாற்றிப் போட்டது எஞ்சின் மட்டும் அல்ல, கதவும்தான். கதவு எங்கே இருக்கிறது, எப்படித் திறக்கிறது என்பதை வைத்து எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள், எத்தனையோ பேர் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

வானத்து வழியாகச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டே வழிதான். ஒன்று, விமானம் தரையில் இறங்கி இறக்குவது. இரண்டு, இறங்காமல் மேலிருந்தே போடுவது. இறங்க ஓடுதளம் வேண்டும். ஓடுதளம் இல்லாத இடத்தில் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. போடுவதிலும் இரண்டு வகை உண்டு. பாராசூட் கட்டிப் போடுவது ஒரு வகை. சும்மா அப்படியே தள்ளிவிடுவது இன்னொரு வகை. அரிசி, கோதுமை மாவு மாதிரியான சரக்கை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று கோணிப்பையில் போட்டு, உள்பையைத் தளர்வாகக் கட்டித் தள்ளிவிடுவார்கள். விழுகிற வேகத்தில் உள்பை கிழிந்தாலும் வெளிப்பை தாங்கிக்கொள்ளும். நம் பாட்டிமார்கள் ஊறுகாய் ஜாடியைத் துணிமேல் துணி சுற்றி ரயிலில் கொடுத்தனுப்பிய அதே புத்திதான்!

பக்கவாட்டுக் கதவும் சணல் பாராசூட்டும்

நம் நாட்டு மண்ணில் இந்த வித்தை பெரிய அளவில் நடந்தது இரண்டாம் உலகப் போரில். 1944 மார்ச்சில் ஜப்பானியர்கள் இம்பாலைச் சூழ்ந்தார்கள். சாலை துண்டிக்கப்பட்டது. ஜூன் 22-ஆம் தேதி சாலை மறுபடி திறக்கும் வரை, உள்ளே இருந்த பெரும்படைக்கு உணவு, குண்டு, மருந்து எல்லாமே வானத்து வழியாகத்தான் வந்தன. திரும்பும் விமானங்களில் காயம்பட்டவர்கள் போனார்கள்.

அப்போது பதினான்காம் படையின் தலைவர் ஜெனரல் வில்லியம் ஸ்லிம். அவருக்குப் பெரிய தலைவலி பாராசூட் பற்றாக்குறை. ஐரோப்பாவில் போர் உச்சத்தில் இருந்தபோது பர்மா பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பட்டுத் துணி கிடைக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே கல்கத்தாவில் சணல் ஆலைகள் இருந்தன. ஆலைக்காரர்களைக் கேட்டு, சணலிலேயே பாராசூட் செய்யவைத்தார் ஸ்லிம். 'பாராஜூட்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. பட்டுப் பாராசூட் வேலை செய்வதில் 85 சதவீதம் அளவுக்கு இது வேலை செய்தது என்று அவரே தன் போர் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். விலை? வழக்கமான பாராசூட் 20 பவுண்டுக்கு மேல், சணல் பாராசூட் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். ஒரு முறை போட்டுவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடக்கூடிய பொருளுக்குப் பட்டு எதற்கு? இதைவிட நல்ல செலவுக் கணக்கை நான் எங்கும் பார்த்ததில்லை.

இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது டகோட்டா விமானம். இரண்டு எஞ்சின், சுமார் மூன்று டன் சரக்கு. நம்பகமான வண்டி. ஆனால் அதில் இரண்டு தொல்லைகள் இருந்தன.

முதல் தொல்லை, வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கியும் வால் கீழே தாழ்ந்தும் இருக்கும். உள்ளே தரையே ஒரு மேடுதான். கதவு பின்பக்கம் இருப்பதால், ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டையையும் மேட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது தொல்லைதான் முக்கியம். டகோட்டாவின் சரக்குக் கதவு இடது பக்கவாட்டில் இருக்கிறது. மேலிருந்து போடும்போது, கதவோரம் அடுக்கி வைத்த சில மூட்டைகளை ஆட்கள் காலால் உதைத்துத் தள்ளுவார்கள். விமானம் குறி வைத்த மைதானத்தைச் சில நொடிகளில் கடந்துவிடும். அதற்குள் தள்ள முடிந்தது அந்தச் சில மூட்டைகள்தான். மிச்சத்தைப் போட வட்டமடித்துத் திரும்பி வர வேண்டும். மறுபடியும் சில மூட்டை, மறுபடியும் ஒரு வட்டம். மூன்று டன்னும் காலியாக எத்தனை வட்டம் என்று யோசியுங்கள். சமவெளியில் இது வெறும் பெட்ரோல் செலவு. இருபக்கமும் மலை நெருக்கும் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வட்டமும் உயிரைப் பணயம் வைப்பது. கீழே எதிரி இருந்தால் இன்னும் மோசம். முதல் வட்டத்திலேயே விமானம் எந்த வழியாக வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

13,000 ரூபாய் ஓடுதளம்

சுதந்திரம் வந்த கையோடு இந்த டகோட்டாக்களுக்கு வேலை வந்தது. 1947 அக்டோபர் 27 காலை, தில்லியிலிருந்து சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியனை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கினார்கள். விமானப்படையிடம் இருந்த டகோட்டாக்கள் போதாமல், தனியார் விமானக் கம்பெனிகளின் டகோட்டாக்களும் சேர்ந்தே பறந்தன.

அதே குளிர்காலத்தில் பூஞ்ச் நகரம் முற்றுகைக்கு உள்ளானது. படைவீரர்களோடு ஏறக்குறைய 40,000 அகதிகளும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அந்த அகதிகளின் உழைப்பிலேயே ஒரு சிறிய ஓடுதளம் போடப்பட்டது. 1947 டிசம்பரில் டகோட்டாக்கள் அங்கே இறங்கத் தொடங்கின. பீரங்கிகூட அப்படித்தான் போனது. 1948 நவம்பரில் தரைவழி திறக்கும் வரை பூஞ்ச் பிழைத்தது அந்த ஓடுதளத்தால்.

லே கதை இன்னும் சுவாரஸ்யம். 1948 பிப்ரவரியில் மேஜர் பிரிதி சந்த் தலைமையில் சுமார் 40 பேர், உறைபனியில் சோஜி லா கணவாயை நடந்தே கடந்து லடாக்குக்குப் போனார்கள். அவர்களோடு போனவர் சோனம் நோர்பு என்ற லடாக்கிப் பொறியாளர். லேயில் சிந்து நதிக் கரையோரம் ஒரு ஓடுதளம் போடுவது அவர் பொறுப்பு. உள்ளூர் மக்களை வைத்துக்கொண்டு சில வாரங்களில் முடித்துவிட்டார். லடாக் வரலாறு எழுதியவர்கள் ஒரு கணக்கைக் குறிப்பிடுகிறார்கள். அவரிடம் கொடுத்த பணம் 13,000 ரூபாய். செலவு 10,891 ரூபாய். மீதி 2,109 ரூபாயை அவர் அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்டிவிட்டார். போர் நடந்துகொண்டிருக்கிறது, ஊர் எப்போது விழும் என்று தெரியாது, அப்போதும் மீதிப் பணத்துக்குக் கணக்கு! தணிக்கை வேலையும் பார்த்தவன் என்ற முறையில் அவருக்கு ஒரு பெரிய கும்பிடு.

1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை அங்கே இறக்கினார். உடன் வந்தவர் மேஜர் ஜெனரல் திம்மையா. லே ஓடுதளத்தின் உயரம் 10,600 அடிக்கு மேல். போகிற வழியில் உள்ள மலைகள் அதைவிட உயரம். டகோட்டாவுக்குள் காற்றழுத்தம் சீராக்கும் வசதி கிடையாது. இறக்கையில் பனி படிந்தால் நீக்க ஏற்பாடு கிடையாது. அந்த வண்டி இந்த உயரத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஆனாலும் அடுத்த சில நாட்களில் கூர்க்காப் படை வானத்து வழியாக லேக்கு வந்து சேர்ந்தது. லே நம் கையில் நின்றது.

அதே 1948 கோடையில், உலகத்தின் மறுபக்கம் பெர்லினிலும் இதே கதை நடந்தது. சோவியத் படை சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்துவிட, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பதினைந்து மாதம் விமானத்திலேயே சாப்பாடும் நிலக்கரியும் கொண்டுபோனார்கள். மொத்தம் இரண்டே கால் லட்சம் அல்ல, இருபது லட்சம் டன்னுக்கும் மேல்! 1949 ஏப்ரல் 16-இல் முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 12,941 டன். ஆனால் பெர்லினில் நல்ல ஓடுதளங்கள் இருந்தன, நிலம் சமதரை. விமானம் வரிசையாக இறங்கி, இறக்கி, கிளம்பிக்கொண்டே இருந்தது. மேலிருந்து போட்டது, குழந்தைகளுக்காக ஒரு அமெரிக்க விமானி கைக்குட்டையில் கட்டிப் போட்ட சாக்லேட் மாதிரிச் சின்னச் சமாச்சாரங்கள்தான். நம் இமயமலையில் நிலைமை நேர்மாறு. ஓடுதளம் போட இடமே இல்லாத மலைமுகட்டில்தான் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவு பின்னால் போனது

1954-இல் அமெரிக்காவிலிருந்து ஃபேர்சைல்ட் பாக்கெட் விமானங்கள் வந்தன. பார்க்க வேடிக்கையாக இருக்கும். நடுவில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு நீளத் தண்டு, பின்னால் அந்தத் தண்டுகளை இணைக்கும் வால். இப்படி ஏன் செய்தார்கள் என்றால், கதவுக்காக. வாலை இரண்டு தண்டுகள் தாங்கிக்கொண்டதால், நடுப்பெட்டியின் பின்பக்கம் முழுவதையும் இரட்டைக் கதவாகத் திறக்க முடிந்தது. மூக்கில் சக்கரம் வந்துவிட்டதால் தரை சமமாக இருந்தது, உயரமும் லாரிக்குச் சரியாக இருந்தது. லாரியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி நேராகச் சரக்கைத் தள்ளலாம். ஜீப்பை அப்படியே ஓட்டி ஏற்றலாம்.

ஆனாலும் ஒரு குறை. அந்தப் பின்கதவைப் பறக்கும்போது திறக்க முடியாது. பெரிய சரக்கைப் பாராசூட்டில் போட வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன்பே கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு, திறந்த வீடு மாதிரிப் பறக்க வேண்டும். இமயமலைக் குளிரில் பின்பக்கம் 'ஓ'வென்று திறந்திருக்க, உள்ளே நின்று மூட்டையைத் தள்ளுகிறவர் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அவர் யார்? விமானப்படைக்காரர் மட்டுமல்ல. தரைப்படையின் ஆர்மி சர்வீஸ் கோரில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. மூட்டை கட்டுவது, பாராசூட் மாட்டுவது, விமானத்தில் ஏற்றுவது, குறித்த இடம் வந்ததும் தள்ளுவது எல்லாம் இவர்கள் வேலை. வடகிழக்கு எல்லையில் உயிரோடு ஆடுகளைக்கூடப் பாராசூட்டில் இறக்கியிருக்கிறார்கள். எந்தப் போர்ப் படத்திலும் இவர்களைப் பார்க்க முடியாது.

உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிமானம் போதாது. அதனால் பாக்கெட்டின் முதுகில் மூன்றாவதாக ஒரு ஜெட் எஞ்சினைப் பொருத்தினார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். இதற்கு ஆர்ஃபியஸ் எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தது. அப்படிப்பட்ட ஒரு பாக்கெட்டை 1962-இல் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே, 16,600 அடிக்கு மேல் இருக்கும் தௌலத் பேக் ஓல்டியில் இறக்கினார்.

ஆனால் அதே 1962, கதவு மட்டும் இருந்தால் போதாது என்பதையும் காட்டியது. கிழக்கே நம்கா சூ நதிக்கரையில் பிரிகேடியர் தால்வியின் 7-ஆவது பிரிகேடுக்குச் சரக்கு போட ஒதுக்கிய இடம் சங்தார் என்ற குறுகிய மேடு. போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி பள்ளங்களில் உருண்டு போனது. விழுந்ததைப் போய் எடுத்து வரவே ஆட்கள் அந்த உயரத்தில் நாள் கணக்கில் அலைந்தார்கள். குளிர்கால உடை, குண்டு, சாப்பாடு எல்லாம் பற்றாக்குறை. அக்டோபர் 20 அன்று தாக்குதல் வந்தபோது பிரிகேடு சிதறியது, தால்வி சிறைப்பட்டார். பிறகு 'ஹிமாலயன் பிளண்டர்' என்ற புத்தகத்தில் இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார். ஏற்றிய கணக்குப் புத்தகத்தில் டன் டன்னாக வரவு இருக்கும். வீரன் கைக்கு வந்தது எவ்வளவு என்பதுதானே உண்மையான இருப்பு? கிளையில் பதிவு ஆனால் மட்டும் போதுமா, வாடிக்கையாளர் கணக்கில் பணம் ஏற வேண்டாமா?

தரை, சங்கிலி, உருளை

1961-இல் சோவியத் யூனியனிலிருந்து அன்டோனோவ்-12 வந்தது. நான்கு எஞ்சின், 20 டன் வரை சரக்கு. 44-ஆவது ஸ்குவாட்ரன் இதற்காகவே உருவானது. இதன் வால் பகுதி மேலே தூக்கியிருக்கும், அதற்கு அடியில் கதவு. அந்தக் கதவுகள் உள்பக்கமாக மேலே மடங்கும். அதனால் பறக்கும்போதே திறக்கலாம்.

1962 அக்டோபர் கடைசி வாரத்தில் இந்த விமானங்கள்தான் சண்டிகரிலிருந்து ஏ.எம்.எக்ஸ்.-13 டாங்கிகளை, 14,000 அடிக்கு மேல் உள்ள சுஷுலில் கொண்டு இறக்கின. ஒரு டாங்கி சுமார் 15 டன். அதுவரை அந்த உயரத்துக்கு டாங்கி வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

இங்கே கதவோடு சேர்த்து மற்ற பாகங்களையும் சொல்லிவிட வேண்டும். சரக்கு விமானத்தின் உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது தரை. பயணிகள் விமானத்தின் தரையைவிடப் பல மடங்கு உறுதி. அதில் வரிசையாக வளையங்கள். சரக்கை இந்த வளையங்களில் சங்கிலி, நைலான் பட்டை, வலை கொண்டு கட்டுவார்கள். நவீன விமானங்களில் தரையோடு உருளைகள் பதித்திருக்கும். சரக்கை அடுக்கிய பலகையை இரண்டு மூன்று பேரே உருட்டிவிடலாம். கடைசியில், கீழே இறங்கித் தரையைத் தொடும் வால் கதவு. அதுவே வண்டி ஏறும் சாய்தளமாகவும் ஆகிவிடும்.

கட்டுவது ஏன் அவ்வளவு முக்கியம்? விமானம் ஒரு தராசு. எடை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது சமநிலையில் பறக்கிறது. எடை பின்னால் நகர்ந்தால் மூக்கு மேலே தூக்கும். அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கை பிடிமானத்தை இழந்துவிடும். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில், ராணுவ வண்டிகளை ஏற்றிக் கிளம்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில் கட்டு அறுந்து வண்டி பின்னால் நகர்ந்தது. சில நொடிகளில் விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு நடைக்கும் முன்பு எந்தச் சரக்கு எந்த இடத்தில் என்று எழுதிக் கூட்டிச் சரிபார்க்கிறார்கள். நம் இருப்புநிலைக் குறிப்பு இடிக்கிறதென்றால் ராத்திரி கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்காருவோம். அங்கே இடித்தால் உயிர் போகும்.

பெரிய சரக்கைப் போடும்போது இதே தராசு விமானியின் கையில் ஆடும். வால் கதவு திறந்ததும் முதலில் ஒரு சிறிய பாராசூட்டை வெளியே விடுவார்கள். அது காற்றில் விரிந்து, பலகையோடு சேர்த்துச் சரக்கை உருளைகளின் மேல் வெளியே இழுக்கும். வெளியே வந்ததும் பெரிய பாராசூட்டுகள் விரியும். பல டன் எடை வாலை நோக்கி ஓடும் அந்தச் சில நொடிகளில் விமானி மூக்கைக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே விழுந்த மறுகணம் விமானம் திடீரென்று இலேசாகிவிடும், உடனே சரிசெய்ய வேண்டும். ஆக்ராவில் உள்ள நம் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம், ஏழு டன் சரக்கை இப்படிப் போடும் பி-7 என்ற அமைப்பையே உருவாக்கியிருக்கிறது. டகோட்டா பல வட்டம் அடித்துப் போட்டதைவிட அதிகமான எடை, ஒரே கடவில், ஒரே தடவையில். வால் கதவு மிச்சப்படுத்துவது அந்த வட்டங்களைத்தான்.

யாழ்ப்பாணத்தில் 25 டன்

1984-இல் அன்டோனோவ்-32 வந்தது. இரண்டு எஞ்சினும் இறக்கைக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்திருக்கும். ஏறக்குறைய ஆறே முக்கால் டன் சரக்கு. இதன் சாய்தளக் கதவில் ஒரு சாமர்த்தியம் உண்டு. சாதாரணமாகக் கீழே இறங்கும், அல்லது விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கமாகச் சறுக்கிப் போய்விடும். அப்போது பின்பக்கம் தடையே இல்லாத பெரிய வாசல். லாரியை ஒட்டி நிறுத்தியும் ஏற்றலாம், வானத்திலிருந்தும் போடலாம்.

இந்த விமானம் நம் தமிழர் வரலாற்றிலும் ஒரு நாள் வந்து போனது. 1987 ஜூன் 3 அன்று, யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஜூன் 4, பெங்களூரிலிருந்து ஐந்து அன்டோனோவ்-32 கிளம்பின. மிராஜ்-2000 விமானங்கள் காவலுக்கு உடன் போயின. பத்திரிகையாளர்களும் ஏறியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர்.

ஒரு தீபகற்பத்து மக்களுக்கு 25 டன் என்பது எத்தனை வேளைச் சோறு? கணக்குப் போட்டால் மிகச் சொற்பம். அதைத் தில்லியும் அறியும், கொழும்பும் அறியும். அன்று அந்த வால் கதவு வழியாக விழுந்ததில் அரிசியைவிட அரசியல்தான் எடை அதிகம். ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகு நடந்தவை நம் எல்லோருக்கும் தெரியும். சரக்கு விமானத்தை டன்னால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதை ஒரு உதாரணமாகச் சொல்கிறேன், அவ்வளவே.

கடைசிச் சில கிலோ

1984 ஏப்ரல் 13 அன்று நம் படை சியாச்சின் உச்சிகளில் ஏறியது. அன்று தொடங்கிய சரக்குப் போக்குவரத்து இன்றுவரை நிற்கவில்லை. அதை ஒரு சங்கிலியாகப் பாருங்கள். பெரிய இல்யூஷின்-76, சி-17 விமானங்கள் சமவெளியிலிருந்து லேக்கும் தோய்ஸுக்கும் டன் கணக்கில் கொண்டுபோகும். லேயில் காலை நேரத்தில்தான் விமானப் போக்குவரத்தெல்லாம். வெயில் ஏறினால் காற்று இன்னும் இலேசாகிவிடும், பிற்பகலில் பலத்த காற்றும் அடிக்கும். அங்கிருந்து எம்.ஐ.-17 ஹெலிகாப்டர். அதற்கும் மேலே சின்னச் சீட்டா ஹெலிகாப்டர். உச்சியில் உள்ள காவல் நிலைகளுக்குச் சீட்டா ஒரு நடைக்குக் கொண்டுபோவது மண்ணெண்ணெய் ஜெரிக்கேன் ஒன்றிரண்டு, கொஞ்சம் சாமான், அவ்வளவுதான். சமவெளியில் 40 டன்னாகக் கிளம்பியது, உச்சியில் சில கிலோவாக முடிகிறது. ஆனால் அந்த மண்ணெண்ணெய் வராவிட்டால் பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது.

அந்த உயரத்தில் இருப்பவர்கள் யாரோ அல்ல. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடியில் ஒரு காவல் நிலையைப் பனிச்சரிவு மூடியபோது சிக்கிய பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன்காரர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒருவர் மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டு, தில்லி மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று இறந்தார். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கொண்டுபோகிறவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லேக்குக் கிளம்பிய ஒரு அன்டோனோவ்-12, மோசமான வானிலையால் திரும்பி வரும்போது ரோத்தங் பக்கம் காணாமல் போனது. உள்ளே 102 பேர். 35 வருடம் கழித்து, 2003-இல்தான் ஒரு மலையேற்றக் குழு பனிப்பாறையில் சிதைவுகளைப் பார்த்தது. அதன்பிறகு ஒவ்வொன்றாக உடல்கள் கிடைக்க, 2024-இல் கூட நான்கு உடல்களை மீட்டார்கள். 56 வருடம் கழித்து! காத்திருந்த பெற்றோர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் வாசலில் நின்று வாங்கியிருப்பார்கள்.

நம் ஊர்ப் பக்கமும் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய அன்டோனோவ்-32, 29 பேரோடு வங்காள விரிகுடாவில் மறைந்தது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கடலுக்கடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது 2024 ஜனவரியில் வெளியானது.

இந்த இரண்டிலும் போர் இல்லை, எதிரி இல்லை. வழக்கமான நடைகள்தான். செய்தித்தாளில் 'வீரம்' என்ற சொல் வராத நடைகள்.

2020-இல் கல்வான் மோதலுக்குப் பிறகு 68,000-க்கும் மேற்பட்ட வீரர்களையும் சுமார் 90 டாங்கிகளையும் விமானத்திலேயே கிழக்கு லடாக்குக்குக் கொண்டுபோனதாகப் பிறகு செய்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்கு டாங்கிகள் நினைவுக்கு வரவில்லை. அந்த 68,000 பேருக்கும் அந்தக் குளிர்காலம் முழுவதும் மூன்று வேளை அரிசி, பருப்பு, எண்ணெய், கம்பளி, மண்ணெண்ணெய் யார் கணக்குப் போட்டிருப்பார்கள், யார் கட்டியிருப்பார்கள், யார் தள்ளியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. அடுத்த குடியரசு தினத்தில் பெரிய வயிற்று விமானம் வரும்போது பிள்ளைகள் ரிமோட்டை எடுத்தால், வால் பக்கம் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிக்கொடுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள்.